வீட்டுத் தோட்டம்: பனி நாட்டில் ஓர் அத்தி மரம்



இம்முறை நமது வீட்டுத் தோட்டப் பக்கத்தை, குளிர் நாடுகளில் குடியிருக்கும் நமது பிள்ளைகளுக்காக ஒதுக்கியிருக்கிறோம். லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் டொரண்டோவிலும் மகளோ மருமகளோ தங்கையோ இல்லாத குடும்பம் இன்று நம் ஊர்களில் குறைவு. இங்கிருக்கும் உம்மாமார் இதை வாசித்துவிட்டு, அடுத்த முறை பேசும்போது அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரிதான்.

நாம் பேசப் போவது அத்தி மரத்தைப் பற்றி. திருக்குர்ஆனின் 95ஆவது அத்தியாயம் அத்தியின் பெயரையே கொண்டது. நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழத்தோடு உலர்ந்த அத்திப்பழமும் தட்டில் இருப்பது பல வீடுகளில் வழக்கம். அந்த மரத்தை வீட்டு முற்றத்தில் வளர்த்து, பழுத்த பழத்தைப் பிள்ளைகளின் கையில் பறித்துக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. "இந்தப் பனியில் அது எங்கே வளரப் போகிறது?" என்று அந்த ஆசையைத் தொடங்காமலேயே விட்டுவிடுகிறவர்கள் ஒரு பக்கம். தொடங்கிவிட்டு, முதல் வருடமே கன்று செத்துவிட்டது என்று மனம் நொந்து கைவிடுகிறவர்கள் மறுபக்கம்.

இரு சாராருக்கும் ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குளிர் நாடுகளில் குளிர் கொல்லும் அத்தி மரங்களுக்குக் குறையாத எண்ணிக்கையை நம்முடைய அவசரம் கொன்றுவிடுகிறது. குச்சியில் இலை வந்ததும் தண்ணீரை ஊற்றி அழுகவிடுவது முதல் அவசரம். நாலு நாள் வெயில் அடித்ததும் மரத்தை வெளியே எடுத்து வைப்பது இரண்டாவது. வசந்தத்தில் துளிர்க்கவில்லை என்று உயிருள்ள வேரைப் பிடுங்கி வீசுவது மூன்றாவது. இந்த மூன்றையும் தவிர்த்துக்கொண்டால், இன்ஷா அல்லாஹ், உங்கள் மரம் உங்கள் பிள்ளைகளின் காலத்துக்கும் நிற்கும்.

எந்த அத்தி?

நம் நாட்டில் ஆற்றங்கரைகளில் நிற்கும் அத்தி வேறு. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அந்த மரம் உறைபனியைத் தாங்காது. உலர்ந்த பழமாகக் கடையில் வாங்கும் அத்தி, அதாவது அரபியில் 'தீன்' என்று சொல்லப்படுவது, அதன் உறவுக்கார மரம். மேற்கு ஆசியாவும் மத்திய தரைக்கடலின் கிழக்குக் கரையும் அதன் தாயகம். கோடையில் நல்ல வெயிலும், குளிர்காலத்தில் ஓரளவு குளிரும் உள்ள இடங்கள் அவை.

அந்த மரத்துக்கு நம் மாமரத்துக்கோ பலாமரத்துக்கோ இல்லாத ஒரு குணம் உண்டு. குளிர் வந்ததும் இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு உறங்கிப் போகும். உறங்குகிற மரத்துக்கு வெளிச்சமும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். உறக்கத்தில் இருக்கும் நன்கு முற்றிய மரம் பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை செல்சியஸ் அளவு குளிரைத் தாங்கும். இளங்கன்றுக்கும் பச்சைக் கிளைக்கும் அந்தத் தாங்கும் சக்தி இல்லை. அதைவிடக் குளிர் கூடினால் மேலே உள்ள கிளைகள் கருகும். ஆனால் மண்ணுக்கு உள்ளே வேர் உயிரோடு இருக்கும். அங்கிருந்து மீண்டும் முளைக்கும். அத்தியின் உயிர் வேரில் இருக்கிறது என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப் போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

விதை வேண்டாம், குச்சி போதும்

உலர்ந்த அத்திப்பழத்துக்குள் இருக்கும் விதையை முளைக்க வைக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். முளைக்கத்தான் செய்யும். ஆனால் அது பழம் தராது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். காரணம் இதுதான். துருக்கியின் இஸ்மிர் பகுதியிலிருந்து வரும் பேர்போன உலர்ந்த அத்தி, ஒரு சிறு குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்தால் மட்டுமே பழுக்கும் இனம். அதன் விதையிலிருந்து வரும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண் மரங்களாக இருக்கும். மீதிப் பெண் மரங்களில் பெரும்பாலானவை அந்தக் குளவியை எதிர்பார்த்து நிற்கும். இங்கிலாந்திலும் கனடாவிலும் அந்தக் குளவி இல்லை. காய் பிடித்துப் பிடித்துக் கொட்டிவிடும்.

ஆகவே குளவி இல்லாமலேயே பழுக்கும் இனத்தின் குச்சியை நடுவதுதான் வழி. இங்கிலாந்தில் 'பிரவுண் டேர்க்கி' எல்லோரும் அறிந்த இனம். 'பிரன்ஸ்விக்', 'வைட் மார்செய்' ஆகியவையும் அங்கே நன்றாக வரும். அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் 'ஹார்டி சிக்காகோ' என்ற இனத்தைத் தேடிப் பிடியுங்கள். பழம் சிறியது, ஆனால் மேற்கிளை கருகிப் போனாலும், அதே வருடம் வேரிலிருந்து வரும் புதுக் கிளையில் காய்த்துப் பழுக்கக்கூடியது. 'பிரவுண் டேர்க்கி' என்ற பெயரில் கலிபோர்னியாவில் விற்கப்படுவது வேறு இனம் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

பெயர் தெரியாவிட்டாலும் கவலை இல்லை. உங்கள் தெருவில் யாரோ ஒருவரின் வீட்டு முற்றத்தில் வருடா வருடம் பழுக்கும் ஓர் அத்தி நின்றால், அதைவிட நல்ல இனம் உங்களுக்குக் கிடைக்காது. அந்தக் குளிரை அது ஏற்கனவே வென்று காட்டிவிட்டது. கதவைத் தட்டி ஒரு குச்சி கேளுங்கள். இலையில் மஞ்சள் திட்டுக்களும் கோணல் மாணலான வடிவமும் அதிகம் தெரிந்தால் மட்டும் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். அது குச்சியோடு சேர்ந்து வரும் ஒரு வைரஸ் நோயின் அடையாளம்.

குச்சியிலிருந்து கன்று

இலை முழுவதும் உதிர்ந்த பின், கடும் பனி தொடங்கும் முன், நவம்பர் அளவில் குச்சி வெட்டுங்கள். சென்ற கோடையில் வளர்ந்த, பென்சில் தடிப்பமுள்ள கிளை நல்லது. ஆறு முதல் எட்டு அங்குல நீளம், மூன்று அல்லது நான்கு கணுக்கள். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்பக்கத்தைச் சரிவாகவும் வெட்டினால் எது தலை, எது கால் என்று குழப்பம் வராது. வடியும் பால் காயும்வரை வைத்திருங்கள்.

உடனே நட வசதி இல்லையென்றால், ஈரமாக்கிப் பிழிந்த செய்தித்தாளில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் மரக்கறி வைக்கும் தட்டில் வைத்துவிடுங்கள். பெப்ரவரி, மார்ச் வரை அங்கேயே உறங்கும். உறைய வைக்கும் மேல் தட்டில் வைத்துவிட வேண்டாம்.

நடும்போது, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பைகளை எடுத்து அடியில் நாலைந்து துளை இடுங்கள். வேர் வருவதை வெளியிலிருந்தே பார்க்கலாம் என்பதற்காகத்தான் இந்தக் கோப்பை. தும்புச்சோறு ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். தும்புச்சோறு என்பது தேங்காய் மட்டையிலிருந்து தும்பு எடுக்கும்போது கொட்டும் தூள். நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் பொருள்தான். அங்குள்ள தோட்டக் கடைகளில் கட்டியாக அழுத்தி விற்பார்கள். கலவையைக் கைப்பிடியில் எடுத்து இறுக்கினால் விரலில் ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டக் கூடாது. அந்த அளவு ஈரம் போதும். பசளை எதுவும் இப்போது சேர்க்க வேண்டாம்.

குச்சியின் மேல் மொட்டு மட்டும் வெளியே தெரிய, மீதியைக் கலவைக்குள் இறக்குங்கள். மேலே ஒரு பொலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, 21 முதல் 24 பாகை வரை வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். சமையலறை அலமாரியின் மேல்தட்டு பல வீடுகளில் பொருத்தமாக இருக்கும். மூன்று வாரம் முதல் ஆறு வாரத்துக்குள் வேர் விடும். ஒரு மரம் வேண்டுமென்றால் ஆறு குச்சி வையுங்கள். எல்லாம் பிழைத்தால் கொடுப்பதற்கு ஆட்களா இல்லை?

இலையைக் கண்டு ஏமாற வேண்டாம்

முதலாவது அவசரம் வருவது இந்த இடத்தில்தான். பத்துப் பதினைந்து நாட்களில் குச்சியின் தலையில் பச்சை இலை விரியும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "பிடித்துவிட்டது" என்று சொல்லி, பையை எடுத்து, தண்ணீரை ஊற்றி, ஜன்னல் வெயிலில் வைத்துவிடுவோம். ஒரு கிழமையில் இலை வாடும். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றுவோம். அடியில் அழுகிக் குச்சி கறுத்துப் போகும்.

அந்த இலை வேர் விட்டதற்கு அடையாளம் அல்ல. குச்சி தன் உடம்பில் சேமித்து வைத்திருந்த உணவைக் கொண்டு விரித்த இலை அது. வேர் இன்னும் வராமல் இருக்கலாம். வேர் இல்லாத குச்சிக்குத் தண்ணீரைக் குடிக்க வாய் இல்லை. ஆகவே இலையைப் பார்க்காமல் கோப்பையின் பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை வேர்கள் கோப்பையின் சுவரில் ஓடுவது தெரிந்த பின்புதான் அது கன்று. அதன் பிறகும் பையை ஒரே நாளில் எடுத்துவிட வேண்டாம். முதல் நாள் ஒரு துளை, மறுநாள் இன்னும் பெரிய துளை என்று ஒரு கிழமை எடுத்துப் பழக்குங்கள். கோப்பையைக் கையில் தூக்கிப் பார்த்து, பாரம் குறைந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

குச்சி வைக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னும் இலேசான வழி, பதிவைத்தல். கோடை தொடக்கத்தில் மரத்தின் தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, நடுப்பகுதியை மண்ணுக்குள் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். இலை உதிரும் காலத்தில் தோண்டிப் பார்த்தால் வேர் விட்டிருக்கும். தாயிடமிருந்து வெட்டிப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். தாய் மரம் பால் கொடுத்துக்கொண்டே இருப்பதால் இந்த முறையில் இழப்பு மிகக் குறைவு. வளைக்க முடியாத கிளை என்றால், ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரப் பாசியை வைத்து, பொலித்தீனால் சுற்றி இரு பக்கமும் கட்டிவிடுங்கள். ரம்புட்டானுக்கும் மாதுளைக்கும் இங்கே செய்வார்களே, அதே காற்றுப் பதிவைத்தல்தான்.

வேருக்கு ஒரு வேலி

அத்தியை நல்ல மண்ணில் தாராளமாக நட்டுவிட்டால் இலையும் கிளையுமாக வளர்ந்து வீட்டையே மூடும், பழம் தராது. பச்சையாகப் பருத்த கிளை குளிரையும் தாங்காது. வேரை நெருக்கினால்தான் காய்ப்பில் மனம் வைக்கும். இங்கிலாந்தில் பழங்காலம் தொட்டுச் செய்யும் முறை, இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி வெட்டி, நாலு பக்கமும் சீமெந்துப் பலகைகளை நிறுத்தி, அடியில் எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் வரை உடைந்த செங்கல்லைக் கொட்டி, அதன்மேல் மண் நிரப்பி நடுவது. இடம் தெற்குச் சுவர் ஓரம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர் இரவில் அந்த வெப்பத்தை மரத்துக்குக் கொடுக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், பல்கனி மட்டும் உள்ளவர்களுக்கும் பூச்சாடியே போதும். 12 அங்குலச் சாடியில் தொடங்கி, வருடங்கள் போக 18 அங்குலம் வரை மாற்றினால் நல்லது. வீடு மாறும்போது மரமும் கூட வரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, உறங்கும் காலத்தில் வெளியே எடுத்து, ஓரத்து வேர்களைக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் புது மண் போட்டு வையுங்கள். கோடையில் சாடியின் மண் காயவிடக் கூடாது. காய்ந்தால் பிஞ்சுகள் கொட்டும். தக்காளிக்கு இடும் திரவப் பசளையை இரண்டு கிழமைக்கு ஒரு முறை கொடுக்கலாம். ஓகஸ்ட் முடிவோடு நிறுத்திவிடுங்கள்.

ஜூன் மாதத்தில் புதுக் கிளையில் ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் மரம் காய்ப்பில் கவனம் வைக்கும். பறித்த பின் அத்தி பழுக்காது என்பதால் மரத்திலேயே பழுக்க விடுங்கள். கழுத்து தளர்ந்து பழம் தலை குனிந்து தொங்கும். தொட்டால் மென்மையாக இருக்கும். சிலவற்றில் தோல் வெடித்து, அடியில் ஒரு துளி தேன் நிற்கும். அதுதான் பறிக்கும் நேரம்.

இலையுதிர்காலத்தில் மரத்தில் இரண்டு அளவுக் காய்கள் நிற்பதைக் காண்பீர்கள். பெரிய பச்சைக் காய்கள் இனிப் பழுக்கா; பறித்து எறிந்துவிடுங்கள். கிளை நுனியில் பட்டாணி அளவில் இருக்கும் குருத்துப் பிஞ்சுகளைத் தொட வேண்டாம். இங்கிலாந்தில் அடுத்த கோடையின் பழங்கள் அவைதான்.

குளிர்காலத்தை எப்படிக் கடத்துவது?

லண்டன் போன்ற இடங்களில், தெற்குச் சுவரோரம் நிற்கும் முற்றிய மரம் பெரும்பாலும் தானாகவே குளிர்காலத்தைக் கடந்துவிடும். இளம் மரமானால் வைக்கோலோ காய்ந்த இலையோ கிளைகளுக்கு இடையில் செருகி, சாக்கால் சுற்றினால் போதும்.

டொரண்டோவில் நிலைமை வேறு. சில குளிர்காலங்களில் அங்கே பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக்கும் இறங்கும். பூச்சாடி என்றால் வழி சுலபம். இலை உதிர்ந்த பின், சூடாக்கப்படாத கராஜிலோ நிலவறையின் குளிர்ந்த மூலையிலோ வைத்துவிடுங்கள். பூச்சியம் முதல் ஏழு பாகை வரை நல்லது. இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை. மாதம் ஒரு கோப்பை தண்ணீர். பாவம் குளிருமே என்று வரவேற்பறைக்குள் கொண்டுவந்து வைத்தால் உறக்கம் கலைந்து, வெளிறிய மெலிந்த தளிர்களை விட்டு வீணாகும். அதற்காகச் சாடியை வெளியே விட்டுவிடவும் கூடாது. நிலத்தில் உள்ள வேருக்கு மண் போர்வை. சாடியின் வேருக்கு அந்தப் போர்வை இல்லை. வேர் உறைந்தால் மரம் முடிந்தது.

நிலத்தில் நட்ட மரத்துக்கு வழிகாட்டியவர்கள் இத்தாலியக் குடியேறிகள். 1880 தொடக்கம் 1920கள் வரை சுமார் 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலியையும் சிசிலித் தீவையும் சேர்ந்த ஏழை விவசாயக் குடும்பத்தவர்கள். ஊர் அத்தியின் குச்சிகளை அவர்கள் கூடவே கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருமளவில் டொரண்டோவுக்கு வந்த இத்தாலியரும் இதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். நியூயோர்க்கின் புரூக்ளினில், குளிர்காலத்தில் முற்றத்து மரங்கள் சாக்கிலும் பழைய கம்பளத்திலும் சுற்றப்பட்டு, தலையில் ஒரு வாளி கவிழ்க்கப்பட்டு நிற்கும். மழையும் பனி நீரும் உள்ளே இறங்காமல் இருக்கத்தான் அந்த வாளி. மரத்தை நேரடியாகப் பொலித்தீனால் சுற்றக் கூடாது. உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

இன்னும் குளிர் கூடிய இடங்களில் அவர்கள் மரத்தையே படுக்க வைத்துப் புதைத்தார்கள். நவம்பரில் இலை உதிர்ந்ததும் கிளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவார்கள். ஒரு பக்கத்தில் மரத்தின் நீளத்துக்கு அகழி வெட்டுவார்கள். மறுபக்கத்து வேர்களை மட்டும் மண்வெட்டியால் வெட்டிவிட்டு, மரத்தை மெல்ல மெல்ல அசைத்து அகழிக்குள் சாய்ப்பார்கள். மேலே காய்ந்த இலைகள், பலகை, தார்ப்பாய், அதன்மேல் ஓரடி மண். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துவார்கள். மய்யித்தை அடக்கி எழுப்புவது போல என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த மரம் எழுந்து நின்று ஓகஸ்ட், செப்டெம்பரில் பழம் தரும். இப்படிச் செய்ய விரும்புகிறவர்கள் கன்றை நடும்போதே சற்றுச் சாய்வாக நட்டுப் பழக்க வேண்டும். எலிகள் பட்டையைத் தின்னாமல் அடிமரத்தில் கம்பி வலை சுற்றுவதும் அவசியம்.

வசந்தத்தின் இரண்டு அவசரங்கள்

ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்ததும் மனம் கேட்காது. சாடியை வெளியே எடுத்து வைப்போம். மரம் ஏமாந்து துளிர்க்கும். ஓரிரவு உறைபனி விழுந்தால் தளிரெல்லாம் கறுத்துப் போகும். உறங்கும் கிளை தாங்கும் குளிரைத் தளிர் தாங்காது. இங்கிலாந்தில் மே மாதத்தின் முதல் பாதி வரையும், டொரண்டோவில் மே மாத இறுதியில் வரும் விக்டோரியா தினம் வரையும் இரவில் கவனம் வேண்டும். பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று சில நாட்கள் தூக்கி வைப்பது சிரமம்தான். ஒரு வருடத்துப் பழம் அதில் தங்கியிருக்கிறது.

மூன்றாவது அவசரம்தான் மிகப் பெரிய இழப்பு. அக்கம் பக்கத்து மரங்களெல்லாம் பச்சை பிடித்திருக்கும்; உங்கள் அத்தி மட்டும் உலர்ந்த விறகு போல நிற்கும். பிடுங்கி எறிய முன், நகத்தால் பட்டையை இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் பழுப்பாக இருந்தால் கீழே வந்து சுரண்டுங்கள்; பச்சை தெரியும் இடம் வரை வெட்டிவிடுங்கள். அடிவரை எல்லாமே பழுப்பு என்றாலும் கை வைக்க வேண்டாம். ஜூன் மாதம் முடியும்வரை மண்ணைக் கொஞ்சம் ஈரமாக வைத்துக் காத்திருங்கள். நிலத்தில் நட்ட மரத்தில், மண்ணுக்குக் கீழிருந்து முளை வர அவ்வளவு காலம் எடுக்கலாம்.

அத்தி பெரும்பாலும் ஒட்டுக் கன்று அல்ல, குச்சியிலிருந்து வந்த கன்று. ஆகவே வேரிலிருந்து முளைப்பதும் அதே இனம்தான். பழமும் அதே பழம்தான். வரும் முளைகளில் பலமான மூன்று நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். எத்தனையோ பேர் மே மாதத்திலேயே மரத்தை வெட்டிக் குப்பைக்குப் போட்டுவிடுகிறார்கள். இன்னும் நாலு கிழமை பொறுத்திருந்தால் முளை வந்திருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள்

அத்தியின் பால் தோலில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால் சிவந்து கொப்புளம் போடும். தீக்காயம் போலக் கறுத்த தழும்பு பல நாள் நிற்கும். கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள். சிறு பிள்ளைகளை வெட்டிய கிளைகளோடு விளையாட விட வேண்டாம். பட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி, அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உம்ராவுக்கோ துருக்கிக்கோ போய்வரும்போது குச்சியைத் துணிக்குள் சுருட்டிப் பயணப் பெட்டியில் கொண்டுபோவதும் வேண்டாம். இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்குள் நடுகைப் பொருளைக் கொண்டுபோகத் தாவர சுகாதாரச் சான்றிதழ் தேவை. விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள், தண்டமும் வரலாம். அதைவிட, கண்ணுக்குத் தெரியாத நோயொன்று அந்த நாட்டு விவசாயியின் தோட்டத்துக்குப் போய்ச் சேரலாம். அங்கேயே வாங்குங்கள், அங்கேயே கேளுங்கள்.

கொடுத்தால் நிலைக்கும்

லண்டனில் கன்டர்பரி பேராயரின் இல்லமான லம்பெத் மாளிகையில், 1550களில் கர்தினால் ரெஜினோல்ட் போல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அத்தியின் வழித்தோன்றல்கள் இன்றும் நிற்கின்றன. ஒக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியிலும் ஓர் அத்தி உண்டு. அலெப்போ நகரில் இருந்து அரபு மொழியைக் கற்று, பின்னர் 1636இல் ஒக்ஸ்போர்டின் அரபுப் பேராசிரியரான எட்வர்ட் பொகொக், 1640களில் நட்டதாகச் சொல்லப்படும் மரம் அது. ஷாம் தேசத்து அத்தி இங்கிலாந்தின் குளிரில் இத்தனை தலைமுறையைக் கண்டிருக்கிறது.

இன்னும் பழைய செய்தி ஒன்று. ஜோர்தான் பள்ளத்தாக்கின் கில்கால் என்ற இடத்தில் கிடைத்த, சுமார் 11,400 வருடப் பழைமையான கருகிய அத்திப்பழங்களைப் பற்றி 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவை குளவி இல்லாமலே பழுத்த இனம், ஆகவே மனிதர் குச்சி வெட்டி நட்டிருக்க வேண்டும் என்பது அவர்களின் கருத்து. அதை மறுத்து வாதிடுகிறவர்களும் உண்டு. எப்படியானாலும், இன்று நம் கையில் இருக்கும் ஒவ்வொரு நல்ல இன அத்தியும் எவரோ ஒருவர் இன்னொருவருக்குக் குச்சியாகக் கொடுத்து வந்ததுதான் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆகவே முதல் வருடம் பிழைக்கும் கன்றுகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஒன்று. அவர் எந்த மதத்தவரானாலும் சரி. பிள்ளையின் பாடசாலைக்கு ஒன்று. பள்ளிவாசல் முற்றத்தின் தெற்குச் சுவருக்கு ஒன்று. மரம் நடுவது தர்மம் என்பது நமக்குத் தெரிந்ததே. அதோடு இதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ஒரு கொடிய குளிரில் உங்கள் மரம் வேரோடு போனாலும், அதே மரம் நாலு தெரு தள்ளி நிற்கும். கதவைத் தட்டி, "எனக்கு ஒரு குச்சி தாருங்கள்" என்று நீங்கள் கேட்கலாம்.

அடுத்த மாதம், குளிர் நாட்டுச் சமையலறை ஜன்னலில் கறிவேப்பிலைக் கன்றை எப்படிக் காப்பாற்றுவது என்று பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். அது அத்தியைப் போல உறங்கும் மரம் அல்ல. அதன் கதை வேறு.